ஜன்னலோரத்துச் சிவப்பு பாட்டில்

நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சத்தை வைத்துப் பிழைக்கிற உயிர்களை வளர்க்க, போயும் போயும் ஜன்னல் இல்லாத ஓர் அறையைத் தேர்ந்தெடுத்த புத்திசாலி யார் என்று நான் கேட்டதில்லை. கேட்க அங்கே ஆளும் இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு ஆலைகளைத் தாண்டிப் போனால் வரும் ஒரு சின்னக் கம்பெனி. இறால் பண்ணைகளுக்குத் தீனியும் மருந்தும் தயாரிப்பார்கள். முன்பக்கம் மூட்டை தைக்கும் சத்தம், லாரி, ஆள் கூட்டம். பின்பக்கம், பழைய ஸ்டோர் ரூமைத் தடுத்துச் செய்த அறையில் நானும் வரிசை வரிசையாகக் கண்ணாடி பாட்டில்களும் இருந்தோம்.

பாட்டில்களில் இருந்தது கடல் பாக்டீரியா. செடிகளைப் போலவே வெளிச்சத்தைக் கொண்டு வளர்பவை, ஆனால் பச்சையாக இருக்காது. பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி நல்ல சிவப்பு. பழவேற்காடு ஏரியின் ஓரத்தில், முழங்கால் வரை புதைகிற கறுப்புச் சேற்றிலிருந்து நானே எடுத்து வந்து, மற்ற கிருமிகளிலிருந்து பிரித்து, பாட்டில் பாட்டிலாக வளர்த்தவை. இறால் குட்டையில் ஊற்றினால் அடியில் சேரும் அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும். பண்ணைக்காரர்கள் அதைச் 'சிவப்பு மருந்து' என்பார்கள். கேனைத் திறந்து நிறத்தைப் பார்ப்பார்கள். அடர்த்தியாக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள், வெளிறியிருந்தால் கேன் அதே லாரியில் திரும்பி வரும்.

நான் அவற்றுக்குச் 'சிவப்பிகள்' என்று பெயர் வைத்திருந்தேன். பகல் முழுக்கப் பேச ஆள் இல்லாதவள் எதற்காவது பெயர் வைத்துத்தானே ஆகவேண்டும்.

அந்த வேலைக்கு நான் வந்த கதை நீளமில்லை. கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல் முடிந்து, மணவாள நகரில் அண்ணன் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். நான் கூடத்துக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். அண்ணி டிவி சத்தத்தைக் கூட்டுவாள். அம்மா எனக்குத் தனியாகத் தட்டு எடுத்து வைத்து, "முன்னாடியே சாப்பிட்டுடு, அவங்கள்லாம் அப்புறம் உக்காரட்டும்" என்பாள். ஒரு வீடு நிறைய ஆட்களுக்கு நடுவே அப்படி இருப்பதைவிட, தெரியாத ஊரில் தனியாக இருப்பது மேல் என்று தோன்றியது. நுண்ணுயிரியல் படித்திருந்தேன், கும்மிடிப்பூண்டியில் வேலை இருந்தது, கிளம்பிவிட்டேன். ஆகவே எனக்கு அந்த பாட்டில்கள் வெறும் வேலை இல்லை. அவை சிவப்பாக இருக்கும்வரை நான் மணவாள நகருக்குத் திரும்ப வேண்டியதில்லை.

சிவப்பிகளுக்குத் தேவையானவை கொஞ்சம்தான். கடல் உப்பு, சிறிது வினிகர் வகைப் புளிப்பு உப்புகள், ஈஸ்ட் சாறு, இளஞ்சூடு, வெளிச்சம். காற்று மட்டும் ஆகாது. பாட்டிலைக் கழுத்துவரை தளும்பத் தளும்ப நிரப்பி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூட வேண்டும். காற்று உள்ளே போனால் நிறம் செய்வதை நிறுத்திவிட்டு, வேறு வழியில் பிழைக்கப் பார்க்கும், வெளுத்துப் போகும். உப்பு குறைந்தால் சோம்பிக் கிடக்கும், கூடினாலும் அப்படியே. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குச் செய்வது மாதிரி எல்லாம் பக்குவமாக இருக்க வேண்டும்.

இன்னொரு குணமும் உண்டு. வெளிச்சம் ஏராளமாக இருந்தால் அவை நிறத்தைக் குறைத்துக்கொள்ளும். வெளிச்சம் மங்கினால்தான், கிடைப்பதை விடக்கூடாது என்று உடம்பு முழுக்க நிறத்தைச் சேர்த்துக்கொள்ளும். பல்புக்குப் பக்கத்தில் உள்ள பாட்டிலைவிடத் தள்ளி, ஓரமாக நிற்கிற பாட்டிலில் ஒவ்வொரு செல்லும் கூடுதலாகச் சிவந்திருக்கும். இதைப் பாடமாகப் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. அந்த அறையில் தனியாக உட்கார்ந்து கண்ணால் பார்த்தபோது, எனக்காகவே யாரோ சொல்லி வைத்தது போல இருந்தது. குறைவாகக் கிடைப்பவர்கள்தான் அதிகம் சிவக்கிறார்கள் என்று ஒரு தத்துவமே செய்து வைத்துக்கொண்டேன். தனிமையில் இருப்பவர்களுக்கு இந்தத் தத்துவ வியாதி சீக்கிரம் வந்துவிடும்.

தங்கியிருந்தது பஜாருக்குப் பின்தெருவில் ஒரு மாடி அறை. கீழே வீட்டுக்காரர்கள். பழவேற்காட்டிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரக் குடும்பம், பாய்க்கு பஜாரில் துணிக்கடை. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். பகலில் அக்கா மட்டும் வீட்டில் இருப்பார். வீட்டுக்காரம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், கூப்பிட்டதும் அபூர்வம். வேலை முடிந்து நான் படியேறும்போது கீழ்க்கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

"சாப்டியாம்மா?"

"ஆச்சுக்கா."

சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் பதில். நிற்காமல் மேலே போய்விடுவேன். நின்றால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வி வரும், கடைசியில் 'உன் ஊட்டுக்காரரு எங்க?' என்பதில் போய் முடியும். எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் சிவப்பிகளில் ஒரு பாட்டிலை அறைக்குக் கொண்டுவந்தேன். காரணம் கேட்டால் பதில் இல்லை. கூட ஏதாவது இருக்கட்டும் என்றுதான். அறையில் ஒரு கை அகல வெண்டிலேட்டர்தான், அதனால் கதவுக்கு வெளியே, படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்த ஜன்னல் விளிம்பில் வைத்தேன். பக்கத்து வீட்டுச் சுவர் முட்டிக்கொண்டு நிற்கிற ஜன்னல் அது. வெயில் விழாது, ஏதோ பகல் வெளிச்சம் கசியும். மறுநாள் காலை அக்கா படியில் நின்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பாட்டிலைப் பார்த்தார்.

"இது இன்னாம்மா? சர்பத்தா? பாய் பாத்துட்டு ஒரு மாதிரி பேசறாரு. வேற எதுனா சரக்கா இருந்தா ஊட்ல வெக்கக் கூடாது."

"சரக்கெல்லாம் இல்லக்கா. உசுரு இருக்கறது. வெளிச்சத்துல வளரும். கம்பெனி சாமான்."

"உசுரு இருக்குதா? இதுக்குள்ளயா?" குனிந்து உற்றுப் பார்த்தார். "கடிக்குமா?"

கடிக்காது என்றேன். அதற்கு மேல் விளக்கவில்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு பொய் சொல்லிவிட்டு இறங்கினேன். கம்பெனிக்கு நான் நடந்தே போகிறவள் என்பது அக்காவுக்கும் தெரியும்.

கரண்ட் கட் ஊரையே பாடாய்ப் படுத்திய வருஷம் அது. ஊரெல்லாம் குண்டு பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு சி.எஃப்.எல். மாட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முதலாளி மட்டும் சும்மா இருப்பாரா? பொங்கல் லீவு முடிந்து போனால், என் அறையின் குண்டு பல்புகள் அத்தனையும் மாறியிருந்தன. அறை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. மதியத்தில் அடுப்படி போலக் கொதித்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது உட்கார முடிந்தது. முதலாளி எட்டிப் பார்த்தார். ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர், பேச்சில் தெலுங்கு ஒட்டிக்கொண்டிருக்கும்.

"எப்டிம்மா? சும்மா ஜிகுஜிகுன்னு கீதா? டப்பும் மிச்சம், கரண்ட் பில்லு கொறையும்."

எனக்கும் பிடித்திருந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லாம் நன்றாகத்தானே தெரிந்தது.

அதற்கப்புறம் ஊற்றிய பாட்டில்கள் மெல்லத்தான் சிவந்தன. அவற்றிலிருந்து எடுத்து ஊற்றியவை ரோஸ் நிறத்தில் நின்றன. அதற்கும் அடுத்தவை கஞ்சித் தண்ணீராகக் கலங்கி, அழுகின முட்டை நாற்றத்தோடு இருந்தன. சிவப்பிகள் அசந்த இடத்தில் வேறு ஏதோ கிருமி குடியேறிவிட்டது. பண்ணைகளுக்குப் போன கேன்கள் திரும்பி வரத் தொடங்கின.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றக் கூடாது, ஒன்றை மாற்றி மற்றதை அப்படியே விட்டுத்தான் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் முறை. நானும் முறைப்படியே போனேன். உப்பை மாற்றினேன். தண்ணீரை மாற்றினேன். ஈஸ்ட் சாற்றுக்குப் புது டப்பா திறந்தேன். மூடிகளை மெழுகால் அடைத்தேன். சி.எஃப்.எல். சூடு தராது என்பதால் பாட்டில்களை வெந்நீர்த் தொட்டியில் நிற்க வைத்தேன். குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த பழைய விதையை எடுத்துப் புதிதாகத் தொடங்கினேன். அதுவும் வெளுத்தது. வெளிச்சத்தையும் நான் விட்டுவைக்கவில்லை. வெளிச்சம் அளக்கிற மீட்டரை பாட்டிலுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். குண்டு பல்பு இருந்த காலத்தைவிட அதிகமாகவே காட்டியது. சரி, வெளிச்சத்தில் குறையில்லை என்று அந்தக் கதவை மூடிவிட்டேன்.

முதலாளி கத்துகிற ரகம் இல்லை. அதுதான் பயம். ஒரு நாள் வந்து வெளிறிய பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, எறா குஞ்சு வுடற சீசன் வருது. அதுக்குள்ள கலர் வரலன்னா, நெல்லூர்லேந்து டிரம்முல வாங்கி இங்க கேன்ல ஊத்திக்கறேன். லேப மூடிடலாம். உம்மேல தப்பு சொல்லல. ராசியில்லன்னு வெச்சுக்க."

'ராசியில்ல' என்ற வார்த்தையை நான் ஏற்கெனவே வேறு ஒரு வீட்டில் கேட்டிருந்தேன். அவர் போனபின் கழுவு தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கேட்க ஆளில்லாத இடத்தில் குழாயை எதற்குத் திறந்தேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அன்று கொட்ட வேண்டிய வெளிறிய பாட்டில்களில் ஒன்றைக் கொட்ட மனசு வரவில்லை. பையில் போட்டு எடுத்துவந்து, படிக்கட்டு ஜன்னலில் பழைய சிவப்பு பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாகிறதென்றால் துணையோடு சாகட்டும் என்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணவாள நகர் போனேன், இரண்டு வண்டி மாறி. ஒருவேளை திரும்பி வர வேண்டியிருக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிவைக்கத்தான். பொன்னேரி தாண்டும்வரை அதை எப்படிச் சொல்வது என்று வாக்கியம் கோத்துக்கொண்டே போனேன். சொன்னேன். அம்மா அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அண்ணி, நான் இருந்த அறையில் இப்போது தையல் மெஷினும் பீரோவும் இருப்பதாகச் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். அண்ணன் பேப்பரைத் திருப்பினான். தங்கப் போனவள் மத்தியான வண்டியிலேயே கிளம்பிவிட்டேன். பேசின் பிரிட்ஜில் அடுத்த வண்டிக்காக நிற்கும்போது, உலகத்தில் எனக்கென்று ஒரு பாயைச் சுருட்டி வைக்கக்கூட இடமில்லை என்று தோன்றியது. அப்படி ஒரு தனிமையை நான் அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் இல்லை.

அறைக்கு வந்தபோது மாலை மங்கியிருந்தது. கீழிருந்து "சாப்டியாம்மா?" வந்தது. "ஆச்சுக்கா" என்றேன். படித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. ஜன்னல் விளிம்பில் இரண்டு பாட்டில்களும் சிவப்பாக இருந்தன. எது பழையது, எது நான் சாகட்டும் என்று கொண்டுவந்தது என்று எனக்கே தெரியவில்லை. மூடியில் ஒட்டியிருந்த துண்டுத் தாளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கஞ்சித் தண்ணீராக வந்தது, நன்றாக நிறம் பிடித்திருந்தது.

அதே உப்பு, அதே தண்ணீர், அதே சாறு. ஆய்வகத்தில் ஊற்றி மூடிய அதே மூடி. மாறியது வெளிச்சம் ஒன்றுதான். என் வெள்ளை வெளேர் அறையில் வெளுத்தது, சூரியனையே பார்க்காத ஒரு படிக்கட்டு மூலையில் சிவக்கிறதென்றால்? படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூடிவிட்டேன் என்று நினைத்த கதவு அப்போதுதான் திறந்தது.

அந்த மீட்டர் மனுஷக் கண்ணுக்காகச் செய்தது. என் கண்ணுக்கு எது வெளிச்சமோ அதைத்தான் அதுவும் அளக்கும். சிவப்பிகளின் பசிக்கு வேண்டியதோ, சிவப்புக்கும் அப்பால் நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற கதிர். வெயிலில் அது உண்டு. குண்டு பல்பில் தாராளமாக உண்டு, கரண்டைத் தின்று சூடாகக் கொட்டுகிறதே, அதில் பெரும்பங்கு அதுதான். சி.எஃப்.எல்.லில் அது கிடையாது. எனக்குப் பளிச்சென்று இருந்த அறை, அவற்றுக்குக் கிட்டத்தட்ட இருட்டு. ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த உயிர்களை இருட்டில் பட்டினி போட்டுவிட்டு, நான் உப்பை மாற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பஜாரில் குண்டு பல்பு வாங்கினேன். "இத்த யாரும்மா இப்ப வாங்கறாங்க?" என்று கடைக்காரர் தூசி தட்டிக் கொடுத்தார். ஒரு வரிசை பாட்டில்களுக்கு மட்டும் குண்டு பல்பு, எதிர் வரிசைக்கு சி.எஃப்.எல். மற்றதெல்லாம் ஒன்று. அந்த வாரம் நான் தூங்கியது கொஞ்சம். குண்டு பல்பு வரிசை முதலில் மாந்தளிர் நிறமானது, பிறகு செங்கல் நிறம், பிறகு பீட்ரூட். எதிர் வரிசை கஞ்சியாகவே நின்றது.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவ்ளோதானா? ஒரு குண்டு பல்பா?"

"அவ்ளோதான் சார்."

"சரி, எல்லாத்தையும் மாட்டச் சொல்லு. லேப் இருக்கட்டும்." வாசல் வரை போனவர் திரும்பினார். "இன்னைக்கு ஊட்டுக்குப் போம்மா. மூஞ்சி செத்துப் போய் கெடக்குது."

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. செல்போனை எடுத்து அண்ணன் வீட்டுக்குப் போட்டேன். அண்ணி எடுத்தாள். கலர் வந்துவிட்டது என்றேன். "எந்தக் கலர்? அடுப்புல குழம்பு இருக்கு, அப்புறம் பேசட்டுமா?" என்றாள். சரி என்றேன். அவள் மேலும் தப்பில்லை, பாக்டீரியா சிவந்ததற்குக் குழம்பைத் தீய விட முடியுமா?

வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் அந்தத் தெருவில் நான் நடந்ததே இல்லை. நடக்கும்போது என் தத்துவம் மறுபடி துணைக்கு வந்தது. படிக்கட்டு மூலையில், கிடைத்த கொஞ்சத்தில் சிவந்த பாட்டில்கள். நானும் அப்படித்தான், எனக்கு யாரும் வேண்டாம், மங்கலிலேயே சிவந்துகொள்வேன். அதைச் சொல்லிக்கொண்டபோது பெருமையாக இருந்தது.

படியேறினால் ஜன்னல் விளிம்பு காலியாக இருந்தது.

பாட்டில்கள் இல்லை. பாய் தூக்கி எறிந்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. கோபத்தோடு இறங்கி, குடிவந்த நாளிலிருந்து தட்டாத அந்தக் கீழ்க்கதவைத் தட்டினேன். சாத்தியிருந்த கதவு தானே திறந்துகொண்டது. நேரே தெரிந்தது அடுப்படி. மேற்கு ஜன்னலில் வெயில் வழிந்துகொண்டிருந்தது. அந்த ஜன்னல் கட்டையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், என் பாட்டில்கள் இரண்டும் சுடரேற்றியது போல நின்றன. கீழே அக்கா மீன் ஆய்ந்துகொண்டு, "அவரு சொன்னா சொல்லட்டும், நான் அந்தக் கல்யாணத்துக்குப் போறதா இல்ல" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே வேறு யாரும் இல்லை.

என்னைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

"ஐயோ, நீ சாயந்தரம்தானே வருவ? கோச்சுக்காதம்மா. நீ வர்றதுக்குள்ள எடுத்த எடத்துலயே வெச்சுடுவேன். ஒரு நாளும் சிந்தல."

"தினமும் எடுத்துனு வருவீங்களாக்கா?"

"பின்ன? வெளிச்சத்துல வளரும்னு நீதான சொன்ன. அந்த மூலையில ஏது வெளிச்சம்?" கையில் செதில் ஒட்டியிருக்க, முழங்கையால் ஜன்னலைக் காட்டினார். "உசுரு இருக்கறத பகலெல்லாம் அங்க தனியா வுட்டு வெச்சா பேஜாரா இருக்காதா? இங்கன்னா நான் எதுனா பேசிக்கினே வேலை செய்வேன். அதும்பாட்டுக்குக் கேட்டுக்கினு கெடக்கும்."

மங்கலிலேயே சிவந்தவை என்று நான் வழியெல்லாம் கொண்டாடிக்கொண்டு வந்தவை, நாள் தவறாமல் மேற்கு வெயிலில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்டு வளர்ந்திருந்தன. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. ஒரு பாட்டில் பாக்டீரியா மேல் பொறாமை. யோசிப்பதற்கு முன்பே வாயில் வந்துவிட்டது.

"அதுங்கள கீழ எடுத்துனு வந்தீங்க. என்னயும் ஒரு நாள் கூப்ட்டிருக்கலாமேக்கா."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"நீ எங்க நிக்கற? வந்ததும் வராததுமா மேல போய்க் கதவ சாத்தி தாப்பா போட்டுக்குவ. படிச்ச பொண்ணு, அதுக்கு இன்னா கஷ்டமோ, நொய்நொய்னு தொந்தரவு பண்ணாதன்னு பாய் சொன்னாரு. அதான், சாப்டியான்னு ஒரு வார்த்த மட்டும் கேட்டுக்கினு இருந்தேன். சில நாளு உனக்கும் சேத்துத்தான் ஒல வெப்பேன். நீ ஆச்சுன்னுட்டுப் பூடுவ."

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் வாசற்படியிலேயே நின்றிருந்தேன். அவர் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, தினமும் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"சாப்டியாம்மா?"

"இல்லக்கா" என்றேன்.